ஆடுவதற்கு ஏற்ற எழுத்து

அசகாயா, டோக்கியோ
அக்டோபர் 6, 1999

அன்புள்ள மிட்சுயோவுக்கு,

இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். வந்துவிட்டது. பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செவ்வந்தி பூத்திருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றாமல் விட்டதால்தான் பிழைத்தது என்பது எதிர்வீட்டு மொமோசே அம்மாளின் கண்டுபிடிப்பு. உன்னையும் விசாரித்தாள். உன் அப்பாவின் கால் இன்னுமா சரியாகவில்லை என்று கேட்டு, ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். அந்தப் புருவம் இறங்குவதற்குள் நான் மாடிப்படி ஏறிவிட்டேன்.

சேதி என்னவென்றால், பாடகி மஹோரோவின் இரண்டாவது ஆல்பம் ஆரம்பித்தாகிவிட்டது. போன வருஷம் முதல் ஆல்பத்தில் என் வரிகளைக் கேட்டு நாடே அழுதது அல்லவா? நாடு அழுது முடித்துவிட்டதாம். இப்போது ஆட விரும்புகிறதாம். ஆகவே இந்த முறை எல்லாமே ஆட்டப் பாட்டு. இசையமைக்கத் தொகுரா என்று ஒரு பையனைப் பிடித்து வந்திருக்கிறார்கள். தலைமுடி ஆரஞ்சு நிறம். நான் விடிய விடிய எழுதிய பல்லவியைப் படித்துவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு கவிஞரே. ஆனா வார்த்தைல முள்ளு ஜாஸ்தி. ஆடுறப்போ தொண்டைல சிக்கும்."

முள் எடுக்கிறேன், மிட்சுயோ. ஐம்பத்து மூன்று வயதில், தொப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இருபத்தொரு வயதுப் பெண்ணின் ஏக்கத்தை ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே போகிறேன். நேற்று பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பும்போது, மழைக்காலம் முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னாய். மழை முடிந்து, வெயில் முடிந்து, செவ்வந்தியும் வந்துவிட்டது. எப்போது வருகிறாய்? துவைக்கும் இயந்திரம் நீ இல்லாத கோபத்தில் என் சட்டைகளைச் சின்னதாக்கி வருகிறது.

உன்,
கெய்ஸாகு


ஹிமி
அக்டோபர் 17, 1999

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே கடல் குளிர ஆரம்பித்துவிட்டது. சட்டைகள் சின்னதாகவில்லை. எடை பார்க்கும் கருவி குளியலறை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, நீங்களே ஒளித்து வைத்தது.

அப்பா கைத்தடியோடு துறைமுகம் வரைக்கும் போய்வருகிறார். போகிற வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் சமையலில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு வருகிறார். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடமும் சொல்லியிருக்கிறார்.

நான் வேலைக்குப் போகிறேன். பள்ளியில் என்னோடு படித்த தோகி, மத்தி மீனை அரிசித் தவிட்டில் ஊறப்போட்டு விற்கிறாள். காலையில் மட்டும் அவள் கடையில் மீன் அடுக்குகிறேன். முதல் வாரம் கை முழுக்க வெட்டுக் காயம். இப்போது பார்க்காமலே அடுக்க வருகிறது. உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாய் என்று போன மாதம் கேட்டீர்கள். போனில் நீங்கள் மட்டும்தான் பேசுகிறீர்கள். கடிதத்தில் எனக்கும் முறை வருகிறது.

இப்போதைக்குத் திரும்பி வர முடியவில்லை. வெள்ளைப் பெட்டியில் கனத்த சட்டைகள் இருக்கின்றன. எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மிட்சுயோ


அசகாயா
நவம்பர் 9, 1999

அன்புள்ள மிட்சுயோவுக்கு,

குளிர், காற்று, இலைகள். போதும், பருவத்துக்கு மரியாதை செய்தாகிவிட்டது. உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, அல்லது கோபித்துக்கொண்டு அதை நேரில் வந்து சொல்.

ஆல்பத்தின் முக்கியமான பாட்டுக்குப் பல்லவி கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தேன். தொகுரா மெட்டைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தை போதும், அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், கேட்டதும் கால் எழ வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தான். அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. "திரும்பி வர முடியவில்லை." 'கயெரெனாய்' என்ற ஒரே சொல்லில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் இருக்கிறதே! வர ஆசை, வரவிடாத உலகம், நடுவில் அவள். அப்படியே தூக்கிப் பல்லவியில் வைத்துவிட்டேன். இசைக் கம்பெனி இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னால்தான்.

ஆனால் ஒலிப்பதிவில் ஒரு ரகளை. அந்தச் சொல்லின் நடுவில் வரும் 'ரெ' வேகத்தில் நசுங்குகிறதாம். தொகுரா எழுந்து வந்து, "கவிஞரே, 'ரெ'ன்னா வாய் மூடிக்குது. 'ர' போடுங்க, வாய் திறக்கும், பீட்டும் திறக்கும்" என்றான். ஒரே ஓர் எழுத்து. அதை மாற்றினால் 'கயெரெனாய்' 'கயெரனாய்' ஆகி, 'வர முடியவில்லை' என்பது 'வர மாட்டேன்' ஆகிவிடும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. என்ன பதில் சொன்னான் தெரியுமா? "ரெண்டும் ஒண்ணுதானே, எப்படியும் அவ வரல."

நான் மேஜையைத் தட்டினேன். காபி கவிழ்ந்தது, என் கால்சட்டையில்தான். என்றாலும் ஜெயித்தேன். மஹோரோ 'ரெ' என்றே பாடினாள், ஆல்பத்தோடு வரும் பாட்டுத்தாளிலும் 'ரெ' என்றே அச்சாகிறது. உன் வார்த்தைக்கு நான் காவல், கவலைப்படாதே.

புத்தாண்டுக்கு வந்துவிடு. இல்லாவிட்டால் நான் ஹிமிக்கு வருகிறேன். உன் அப்பாவின் உப்புப் புகார்களைக் கேட்க ஆள் வேண்டாமா?

உன்,
கெய்ஸாகு


ஹிமி
டிசம்பர் 2, 1999

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று இந்தக் குளிர்காலத்தின் முதல் இடி இடித்தது. அது இடித்தால் மஞ்சள்வால் மீன் விரிகுடாவுக்குள் வந்துவிட்டதாக அர்த்தம் என்று ஊரே துறைமுகத்துக்கு ஓடியது. அப்பாவும் ஓடினார். கைத்தடியை வீட்டிலேயே வைத்துவிட்டு.

கோபம் இல்லை. நான் எழுதியதைப் பாட்டில் போட்டது எனக்கொன்றும் புதிதல்ல. என் அம்மா இறந்தபோது நான் சமையலறையில் சொன்னது ஒரு பாட்டானது. நமக்குக் குழந்தை தங்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, டாக்ஸியில் நான் சொன்னதும் ஒன்றானது. அது நன்றாக விற்றது, ஞாபகம் இருக்கிறது.

மீன்கடையைப் பற்றி எழுதியிருந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பரவாயில்லை.

புத்தாண்டுக்கு வர முடியாது. பண்டிகைக்குக் கடையில் கூட்டம். நீங்களும் வர வேண்டாம். அத்தை குடும்பம் வருகிறது, படுக்க இடம் இருக்காது. தனியாக இருக்கிறோம் என்று பசையாக ஒட்டும் புத்தாண்டு அரிசிக் கட்டியை அவசரமாக விழுங்காதீர்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு வருஷா வருஷம் அதுதான் தொண்டையை அடைக்கிறது. சின்னதாக வெட்டிச் சாப்பிடுங்கள்.

மிட்சுயோ


அசகாயா
ஜனவரி 23, 2000

அன்புள்ள மிட்சுயோவுக்கு,

அரிசிக் கட்டியைச் சின்னதாக வெட்டிச் சாப்பிட்டேன். உயிரோடு இருக்கிறேன், ஆனால் எனக்குத் தலைகுனிவு.

ஆல்பம் போன மாதமே வெளிவந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் அந்தப் பாட்டுதான். ஷிபுயாவில் ஒரு நடனக்கூடத்தில் ஜனங்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கத் தொகுரா என்னை இழுத்துக்கொண்டு போனான். வாசலில் நின்ற தடியன் என்னைப் பார்த்து, "மகளைக் கூட்டிப்போக வந்தீங்களா?" என்றான். உள்ளே இருட்டு, புகை, நெஞ்சுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரிச் சத்தம். பல்லவி வந்தது. கூடமே கையை உயர்த்தி, யாருக்கோ விடை கொடுப்பது போல ஆட்டிக்கொண்டு, ஒரே குரலில் கத்தியது.

'ர' என்று.

இது கூட்டத்தின் கூச்சல், கேட்டுப் பாடுகிறவர்களின் தப்பு என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து இசைத்தட்டைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டேன். 'ர'தான். தாளில் அச்சாகியிருப்பது ஒன்று, அவள் பாடியிருப்பது இன்னொன்று. பல தடவை பாடியதில் ஒரு தடவை வாய் தவறியிருக்கிறாள். தொகுரா அந்தத் தடவையைத்தான் எடுத்து வைத்திருக்கிறான். ஆல்பத்தைத் தயாரித்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான். எனக்கு 'ரெ' என்றே கேட்டிருக்கிறது, ஏனென்றால் நான் எழுதியது அது.

மஹோரோவைப் பார்க்கப் போனேன். கத்தலாம் என்றுதான் போனேன். ஒப்பனை இல்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சின்னப் பெண். வாய் தவறவில்லை என்றாள். தெரிந்தேதான் பாடினாளாம். "முடியலன்னு பாடினா எனக்கு அழுகை வருது, ஐயா. மாட்டேன்னு பாடினப்போதான் காலு தன்னால எழுந்துச்சு."

இதற்கு என்ன பதில் சொல்வது? சொன்னேன், நீளமாக. என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

ஆனால் சும்மா விடமாட்டேன். மார்ச்சில் இந்தப் பாட்டு மட்டும் தனித் தட்டாக வருகிறது. அதற்குத் திருத்திப் பாடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனியில் மிரட்டினேன். மிரட்டிப் பழக்கமில்லாததால் குரல் கீச்சென்றது, ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். பிப்ரவரி கடைசியில் மறுபடி ஒலிப்பதிவு.

மிட்சுயோ, உன் ஊரிலும் இதைப் போடுகிறார்களா? நீ கேட்டுவிட்டாயா? கேட்டிருந்தால், நீ சொன்னது அது இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ 'முடியவில்லை' என்றுதான் எழுதினாய். அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது. அதை ஊரறியத் திருத்துவேன். நீ ஒரு வரி எழுதினால் தைரியமாகப் போவேன்.

உன்,
கெய்ஸாகு


அஞ்சலட்டை
பிப்ரவரி 14, 2000

மிட்சுயோ, இன்னும் பதில் வரவில்லை. ஹிமியில் பனி அதிகம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள், தபால்காரர் சறுக்கி விழுந்திருப்பார் என்று வைத்துக்கொண்டேன். ஒலிப்பதிவு 28ஆம் தேதி. எதிர்வீட்டு அம்மாள் இப்போதெல்லாம் உன்னை விசாரிப்பதில்லை. கூட்டுக்கறி கொண்டுவந்து தருகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை, கறியைச் சொல்லவில்லை. மீன்கடையில் வேலை எப்படி இருக்கிறது? கையில் வெட்டுக்கள் ஆறிவிட்டனவா? கெய்ஸாகு


ஹிமி
பிப்ரவரி 20, 2000

அன்புள்ள உங்களுக்கு,

இந்த முறை பருவத்தைப் பற்றி எழுதவில்லை. நேராகவே சொல்கிறேன்.

தபால்காரர் விழவில்லை. உங்கள் கடிதம் சரியாக வந்து சேர்ந்தது. பதில் எழுதி எழுதிக் கிழித்தது நான்தான்.

கைகள் ஆறிவிட்டன. கேட்டதற்கு நன்றி. எழுதும்போது கொஞ்சம் அழுதேன், நீங்கள் கேட்டதற்காகத்தான்.

பாட்டைக் கேட்டேன். டிசம்பரிலேயே கேட்டேன். கடையில் எப்போதும் ரேடியோ ஓடும். நாங்கள் ஐந்து பெண்கள், முழங்கை வரை தவிடு, மீன் வாடை. முதல் தடவை பல்லவி வந்தபோது தோகி தொட்டிக்கு மேலேயே இடுப்பை ஆட்ட ஆரம்பித்தாள். எல்லோரும் கத்திப் பாடினார்கள். நீங்கள் 'ரெ' என்று எழுதியிருந்தது எனக்குத் தெரியும் அல்லவா, அதனால் நான் மட்டும் 'ரெ' என்று பாடினேன். தோகி முழங்கையால் இடித்து, "தப்பாப் பாடுறடி" என்றாள்.

அவள் சொன்னது போலப் பாடிப் பார்த்தேன். வாய் திறந்தது. தொகுரா சொன்னது சரி, 'ர'வில் வாய் திறக்கிறது. நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கையில் மீன் இருந்தது. மற்றவர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்பாவின் கால் நவம்பரிலேயே சரியாகிவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், கைத்தடியை விட்டுவிட்டு ஓடினார் என்று நானே எழுதினேன். புத்தாண்டுக்கு அத்தை வரவில்லை. படுக்க இடம் இருந்தது. 'முடியவில்லை' என்று எழுதினால் உங்களுக்கு வலிக்காது என்று நினைத்தேன். எனக்கும் வலிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாருமே இருக்க வேண்டியதில்லை, உலகம்தானே தடுக்கிறது.

நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களோடு நிறையச் சிரித்திருக்கிறேன். இந்தக் கடிதங்களைப் படித்துக்கூட வாய்விட்டுச் சிரித்தேன், காபி கவிழ்ந்த இடத்தில் அப்பா என்ன என்று எட்டிப் பார்த்தார். ஆனால் நான் சொன்னதில் பாட்டுக்கு உதவியதை மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள். மற்றதெல்லாம் இத்தனை வருஷமாக அந்த வீட்டுச் சுவருக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே மீன் அடுக்கும்போது, "என்னடி சொன்ன? சத்தமா சொல்லு" என்கிறார்கள்.

மஹோரோவின் தொண்டையை நோகடிக்க வேண்டாம். அந்தப் பெண் சரியாகத்தான் பாடியிருக்கிறாள். பாட்டுத்தாளை மட்டும் திருத்திவிடுங்கள்.

மிட்சுயோ