போன் வீட்டில் இருக்கிறது

இராயபுரம்,
தவக்காலம், இரண்டாம் ஞாயிறு.

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நம்ப மாட்டாய், எழுதாவிட்டால் கவலைப்படுவாய். அதனால் 'இருக்கிறோம்' என்றே வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. கன்னியர் பயிற்சி முடியும்வரை உங்கள் மடத்தில் போன் கிடையாது என்பதால் உன் அப்பனும் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று. ஸ்பேனர் பிடித்த கை இது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கன்னியராக முதல் வார்த்தைப்பாடு கொடுத்து மடத்திலேயே இருப்பதா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குத் திரும்புவதா என்று ஈஸ்டருக்குள் மதரிடம் சொல்ல வேண்டும், அம்மாவைக் கேட்டு எழுதுங்கள், அம்மா சொல்வதுதான் என் முடிவு என்று எழுதியிருக்கிறாய். கேட்டேன் மகளே. "அமலோற்பவம், ஹில்டா வூட்டுக்கு வந்துடட்டுமா?" என்றேன். தலையை ஆட்டினாள். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. திரும்பப் போய், "ஹில்டா மடத்துலயே இர்க்கட்டுமா?" என்றேன். அதற்கும் அதே தலையாட்டல்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். பக்கவாதம் பேச்சைப் பிடித்தால் ஆமாம், இல்லை இரண்டும் இடம் மாறிப் போகும், தலையாட்டலை நம்பாதீர்கள், அவர் வாயாலேயே வரட்டும் என்றார். கட்டிய புருஷனுக்குத் தெரியாதா அவள் மனசு என்று நம் ஜனம் கேட்கும். தெரியாது. தெரிந்த மாதிரி நான் ஒன்றை எழுதி, அதை நம்பி நீ உன் வாழ்க்கையைத் திருப்பிவிடக் கூடாது.

ஆனால் அம்மா வாயைத் திறந்தால்தானே? காசிமேட்டு மீன் ஏலத்தில் அத்தனை பேர் கூச்சலுக்கும் மேலே விலை கேட்ட குரல் அது. வார்த்தை கோணிக்கொண்டு வருகிறது என்று வெட்கப்பட்டு, யார் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். தண்ணீர் வேண்டும் என்றால் செம்பைக் காட்டுகிறாள்.

இனி அதிசயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு தாஹிராவின் தம்பி சுஃபியான், வண்ணாரப்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவன், பேசுகிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டி என்று பேர்தான். சின்னத் தேங்காய் அளவில் ஓர் உருண்டை, மேலே துணி போர்த்தியிருக்கிறது. நாம் பேசினால் பதில் பேசும், பாட்டு கேட்டால் பாடும். "அக்காவுக்குத் தொணையா இர்க்கட்டும் அண்ணே" என்றான்.

நான் சும்மா விடுவேனா? காசிமேட்டில் மீன்பிடி போட்டு இஞ்சினைப் பிரித்துப் பிரித்தே வயசானவன். உருட்டி உருட்டிப் பார்த்தேன். ஒரு திருகாணிகூட வெளியே தெரியவில்லை. டீசல் இல்லை, பெல்ட் இல்லை, புகை இல்லை. எங்கிருந்து பாடுகிறது என்றால், இன்டர்நெட்டிலிருந்து என்கிறான். அதற்கு வீட்டில் ரௌட்டர் என்று ஒன்று இருக்க வேண்டுமாம். நம் பிளாக்கில் யார் வீட்டில் அது இருக்கிறது? போன வருஷம் லைன் இழுக்க வந்தவன் நம் மூன்றாம் மாடிப் படியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனவன்தான், இன்னும் வரவில்லை.

"அது இல்லாட்டி இன்னா அண்ணே, உங்க போன் கீதுல்ல" என்றான் சுஃபியான். என் போனை வாங்கி ஏதோ தட்டினான். அதிலிருந்து நெட் வெளியே போகும், அணைத்துவிடாதீர்கள் என்றான். தன் போனை எடுத்து அதில் பெட்டிக்கு வழி சொல்லிக் கொடுத்தான். இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன், நடுவில் உருண்டை. ஒரு கம்பி கிடையாது. திடீரென்று உருண்டையில் நீல வெளிச்சம் சுற்றியது. நான் என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். சுஃபியான் சிரித்துவிட்டான், தாஹிரா அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

பெட்டிக்குத் தமிழ் அரைகுறைதான், இங்கிலீஷும் ஹிந்தியும்தான் பேசுகிறது. ஆனால் தமிழ்ப் பாட்டு கேட்டால் கொண்டுவந்து கொட்டுகிறது. முதலில் 'எக்கோ' என்று கூப்பிட வேண்டும். அதற்கு வேறு பேர்களும் உண்டாம், அம்மாவின் வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று சுஃபியான் இதைப் பொருத்தினான். நான் கூப்பிட்டு மாதா பாட்டு போடச் சொன்னேன். பாட்டு வந்தது. இரண்டாம் அடியில் கட்டிலிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. ஹில்டா, உன் அம்மா பாடினாள்! தண்ணீர் என்று சொல்ல முடியாதவள், பாட்டை வார்த்தை பிசகாமல் முழுசாகப் பாடினாள். பாட்டு நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன், திரும்பப் பாடினாள். நானும் தாஹிராவும் அழுதுகொண்டே நின்றோம். பாட்டுக்கு மூளையில் வேறு வழி இருக்கிறதாம், ஸ்டான்லி டாக்டரம்மா சொன்னார். எந்த வழியோ, அதை வைத்தவன் பெரியவன்.

அதனால் அவசரப்பட்டு மதரிடம் எதையும் சொல்லிவிடாதே. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
ஞானப்பிரகாசம்


இராயபுரம்,
தவக்காலம், நான்காம் வாரம்.

அன்பு மகளுக்கு,

கர்த்தர் உனக்குத் துணையிருப்பார். அம்மாவின் இரத்தக் கொதிப்பு குறைந்திருக்கிறது. இடது கையால் தானே சாப்பிடுகிறாள். வஞ்சிரம் வாங்கிப் போனேன், முள் எடுத்துக் கொடுக்க வந்த என் கையைத் தட்டிவிட்டாள். கோபம் வந்தால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம்.

பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாட்டு கேட்க வேண்டுமே என்ற ஆசையில் அம்மா தானே அதைக் கூப்பிடப் பார்த்தாள். முதலில் 'எ' மட்டும் வந்தது. அப்புறம் 'கோ' மட்டும். இரண்டும் சேரவில்லை. அது பேசாமல் இருந்தது. சிரிக்கவில்லை, பாவம் என்று பார்க்கவில்லை, வார்த்தையைப் பிடுங்கித் தான் முடிக்கவில்லை. நமக்கெல்லாம் அந்தப் பொறுமை ஏது? ஒரு சாயங்காலம் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். 'எக்கோ' என்று உள்ளே கேட்டது. எட்டிப் பார்த்தால் நீல வெளிச்சம் சுற்றுகிறது. அம்மா இரண்டு கண்ணையும் விரித்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தான் கூப்பிட்டு ஒன்று திரும்பிப் பார்த்ததே என்ற மலைப்பு. இத்தனை மாசத்தில் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று எழுதினால் சிரிப்பாய். பெட்டிக்கு என் கைராசி பிடித்துப் போயிருக்கிறது. நான் வீட்டில் இருந்தால் ஒழுங்காக வேலை செய்கிறது, நான் வேலைக்குப் போய்விட்டால் மக்கர் பண்ணுகிறது. சாயங்காலம் நான் படியேறும்போதே அதற்கு உயிர் வந்துவிடுகிறது என்று தாஹிராவே சொல்கிறாள். காசிமேட்டுக்கு இது புதுசில்லை. ஓர் இஞ்சின் ஒரு கைக்குப் பழகிவிட்டால் வேறு கைக்கு ஸ்டார்ட் ஆகாது. சங்கரநாராயணன் போட்டை யார் யாரோ பார்த்துக் கைவிட்டார்கள், நான் கை வைத்ததும் உறுமியது. அன்றிலிருந்து வேறு மெக்கானிக்கை அவர் இஞ்சின் ரூமில் இறக்குவதில்லை. இதுவும் அப்படித்தான். படியில் நின்று இதை எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு குறை. இந்த வாரம் அம்மா மறுபடி சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் வந்து எவ்வளவு சொன்னாலும் பெட்டியைக் கூப்பிடுவதில்லை. பாட்டு போட்டால் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. களைப்போ என்னவோ தெரியவில்லை. உன் கேள்வியை இன்னும் கேட்கவில்லை. அம்மாவுக்காக ஜெபம் பண்ணு.

அப்பா


இராயபுரம்,
பெரிய வியாழன்.

என் கண்ணு ஹில்டாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. முதலில் உன் அப்பனின் மடத்தனம், அப்புறம் மற்றது.

போன கடிதம் போட்ட மறுநாள் தாஹிரா என்னைப் படியிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க காலைல போனதும் அக்கா அத்தக் கூப்ட்டுகினே இர்ந்துச்சு. அது இங்கிலீஷ்ல இன்னாமோ சொல்லும். தெனம் அதே கததான். தன்னத்தான் திட்டுதுன்னு நெனச்சிகினு இப்ப வாயே தொறக்க மாட்டேங்குது" என்றாள்.  சுஃபியானைக் கூப்பிட்டுப் பெட்டி ரிப்பேரா பார் என்றேன். கைராசிக் கதையையும் சொன்னேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணே. நெட்டு உங்க போன்ல கீது, போன் உங்க ஜோபில கீது. நீங்க காசிமேட்டுக்குப் போனா நெட்டும் காசிமேட்டுக்குப் போவுது. அதான் அது, நெட் இல்லன்னு இங்கிலீஷ்ல சொல்லிகினு கீது" என்றான்.

யோசித்துப் பார் மகளே. தினமும் காலையில் நான் கிளம்பியதும், உன் அம்மா யாரும் இல்லாத வீட்டில் தைரியமாக வாய் திறந்து சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பதில் சொல்ல வேண்டியதை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அவள் தன் நாக்கைப் பழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவள் கையில் வைத்து, "கோளாறு உன் பேச்சுல இல்லம்மா, என் ஜோபில இர்ந்துச்சு" என்றேன். புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் இடது கையால் என் தோளில் ஓங்கி அடித்தாள். வாங்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து போன் வீட்டில் இருக்கிறது. அம்மா கட்டிலுக்குக் கை எட்டும் அலமாரியில் சார்ஜ் போட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். போட்டு ஓனர்களுக்குக் கோபம். போன் போட்டால் எடுக்காதவனுக்கு இஞ்சின் எதற்கு என்று இரண்டு பேர் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டார்கள். போகட்டும். வேண்டியவர்கள் தேடி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

தேடித்தான் வந்தார் சங்கரநாராயணன். நேற்று பகலில் நான் ஒரு போட்டின் இஞ்சின் ரூமில் குனிந்திருந்தேன். போட்டுக்குப் போட்டு தாண்டி ஓடிவந்து, மேல் பலகைத் திறப்பு வழியாகத் தலையை நீட்டி, "யோவ் மெக்கானிக்! உன் சம்சாரம் பேசுதுய்யா!" என்று கத்தினார். என் கையில் இருந்த ஸ்பேனர் இஞ்சினடித் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவர் என் போனுக்கு அடித்திருக்கிறார். மணி அடித்தால் தாஹிராதான் வந்து எடுப்பாள், நேற்று அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ரொம்ப நேரம் அடித்து, அப்புறம் எடுக்கிற சத்தம், அப்புறம் மூச்சு மட்டும். வைத்துவிடலாம் என்று பார்த்தாராம். அப்போது, "போட்ல... கீறாரு" என்று ஒரு குரல். எந்தப் போட்டு என்று கேட்டதற்கு, "போன்... வூட்ல கீது" என்றதாம்.

அத்தனை பெரிய மனுஷர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் கொரலுக்குப் பயந்துகினுதான்யா ஏலத்துல நான் வெல எறக்குவேன்" என்றார்.  பெட்டி பேசியது ஆச்சரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் செய்தது பேசுகிறது. உன் அம்மா பேசியதை எதில் சேர்ப்பது? ஐஸ் தூக்குகிற ஆட்கள்கூடக் கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

கிரீஸ் கையோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெட்டி பாடிக்கொண்டிருந்தது, அவளே போட்டிருக்கிறாள். நான் வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். உன் படத்தையும் காட்டினாள். வரட்டுமா வேண்டாமா என்று கேட்டால்தானே தலையாட்டுவாள் என்று, "ஹில்டாவுக்கு இன்னா எழுதணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பெட்டியிடம் கற்றுக்கொண்ட பொறுமை. 'ஹி' என்று தொடங்கி நின்றாள். உதட்டைக் கடித்தாள். திரும்பத் தொடங்கினாள். எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடித்தது, கொடுக்கவில்லை. "ஹில்டா... அங்கயே... இர்க்கட்டும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கி, "என் புள்ள... ஆசப்பட்டது" என்றாள்.

தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று இராத்திரி சாப்பாட்டின்போது ஒரு முறை கேட்டேன். அதே வார்த்தை. இன்று காலையில் மறுபடி கேட்டேன். "எத்தினி வாட்டிய்யா கேப்ப!" என்று ஒரே மூச்சில் கத்தினாள். திட்டு மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது. பக்கத்து வீட்டில் தாஹிரா கைதட்டினாள்.

இதுதான் அம்மாவின் வார்த்தை, ஹில்டா. நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மதரிடம் அப்படியே சொல். வார்த்தைப்பாடு அன்று அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது வந்து சேருவேன். நல்லாயிரு என் தாயே. எடுத்த காரியத்தில் மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாவைக் கேட்டு எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். உங்களுக்கு என்னப்பா தோன்றுகிறது என்று மட்டும் பதில் கடிதத்தில் கேட்டுவிடாதே.

உன் அப்பா,
ஞானப்பிரகாசம்