ஐந்தரைக்கு முன் வந்தவர்கள்

ஜூன் 2, திங்கள்

வருகைப் பதிவைப் புது சர்வருக்கு மாற்றியாயிற்று. நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை. காலை 8.35க்கு விரல் வைத்துப் பார்த்தேன். நேரம், தேதி இரண்டும் சரி. மாதக் கடைசியில் என்னைப் பர்மனென்ட் செய்வது பற்றி முடிவெடுப்பார்கள். இதே கம்பெனியில் நைனா, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம். "நம்ம ஊட்லருந்து ரெண்டாவது ஐடி கார்டு" என்று மகளைப் பற்றிக் கம்பெனி வேனில் எல்லோரிடமும் சொல்கிறாராம். மானத்தை வாங்குகிறார்!

ஜூன் 6, வெள்ளி

முதல் ஷிப்டில் பன்னிரண்டு பேர் மூன்று நாள் ஆப்சென்ட், மெமோ கொடுத்தாயிற்று என்றார் எச்.ஆர். திலகவதி மேடம். யார் யார் என்று நான் கேட்கவில்லை. என் வேலை இல்லையே.

ஜூன் 12, வியாழன்

விடியற்காலையில் நல்ல மழை. நைனா ஷிப்டு முடிந்து தும்மிக்கொண்டே வந்தார். வேன் கேட் வரைக்கும் போகிறதே, எப்படி நனைந்தார்? கேட்டால் சிரிக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

கேன்டீனில் செல்வி அக்கா சொல்லித்தான் தெரிந்தது. நைனாவோடு எளாவூர் வேனில் வருகிறவர்.

"வேன் அஞ்சேகாலுக்கே எறக்கி உட்ருது, அஸ்வினி. அப்பவே பன்ச் வெச்சா ஆப்சென்ட்டுன்னு வருது. ஒருநாள் வேன் லேட்டு, அன்னிக்கு மட்டும் ஆப்சென்ட் வர்ல. அஞ்சரைதான் கணக்குன்னு உங்க நைனா கண்டுபிடிச்சாரு. பன்ச் வெக்காம உள்ள போவ முடியாது, அதான் அஞ்சரை வரைக்கும் அல்லாரும் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கினு கீறோம். உன்கிட்ட சொல்லலாம்னா, 'அது இந்த மாசம் பர்மனென்ட் ஆவணும், பேஜாரு பண்ணாதீங்க'ன்றாரு."

ஐந்தரை! சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் காலை ஐந்தரைதான் அதற்கு நள்ளிரவு. திரையில் நம் நேரத்தைக் காட்டிக்கொண்டே, தேதியை மட்டும் தன் கணக்கில் பிரித்திருக்கிறது. ஐந்தரைக்கு முன் வந்தவர்களெல்லாம் முந்தைய நாளில் போய் விழுந்திருக்கிறார்கள். அந்த நாளின் கணக்கோ இரவே முடிந்திருக்கும். நான் எட்டரைக்கு வருகிறவள். எட்டரைக்குத்தானே சோதித்தேன்?

வீட்டில் சண்டை. "ஏன் நைனா சொல்லல?"

"லீவு போட்டது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். முடிஞ்சிபோச்சு, உடும்மா."

போடாத லீவுக்கு மன்னிப்பா? என்னாலயா? இன்னா மனுஷன் இவரு — அழுதுவிட்டேன்.

ஜூன் 14, சனி

திலகவதி மேடத்திடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "மொதல்ல சரி பண்ணு. மத்ததை அப்புறம் பேசலாம்."

இந்திய நேரத்துக்கு மாற்றச் சொன்னால் சர்வர் வெற்றுப் பதிலே தந்தது. நாடுகளின் நேரப் பட்டியலே அதில் ஏற்றப்படவில்லை. ஏற்றினேன். நல்லவேளை, பழைய பதிவு எதுவும் அழியவில்லை. திரும்பக் கணக்கெடுத்ததும் பன்னிரண்டு பேரும் அவரவர் நாளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜூன் 16, திங்கள்

மெமோ எல்லாம் ரத்து. நைனாவின் மன்னிப்புக் கடிதத்தை மேடம் என் கையிலேயே கொடுத்தார். எனக்குப் பயிற்சிக் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு.

நைனாவிடம் சொன்னேன். அவர் கேட்டது: "நாளைக்கு எத்தினி மணிக்கு பன்ச் வெக்கட்டும்?"

"எறங்கின ஒடனே வெய்யி நைனா."

ஜூன் 17, செவ்வாய்

வந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன். துளசிராமன், ஜூன் 17, காலை 5.16. நைனாதான் முதல் ஆள்.