யாரை இருக்கச் சொன்னாய்?

என் உயிர் மச்சான் கமாலுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நம் ரெக்கார்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி.

மெட்ராசில் அந்த ஸ்டுடியோவுக்குள் போனோமே, நீ பாட, பாம்பன் அந்தோணி கிதார் வாசிக்க, நான் டிரம்ஸ் அடிக்க. அந்தோணியின் எலெக்ட்ரிக் கிதாரை அங்கிருந்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். ரெக்கார்டின் முன்பக்கத்து மெதுவான பாட்டுக்கே பகல் முழுக்கப் போய்விட்டது. பின்பக்கத்து வேகப்பாட்டுக்கு மிஞ்சியது அரை மணி நேரம்.

பாலத்தில் ரயில் வரக் காத்திருப்பவனின் பாட்டு அது. இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை மறந்துவிட்டாய். உன் தோள் அசையாமல் நின்றதைப் பின்னாலிருந்து பார்த்தேன். என் கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று, "கொஞ்சம் இரு, வாரேன்" என்றாய். பாடினாயா, பேசினாயா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

"இன்னொரு தடவை எடுப்போம் சார்" என்று கெஞ்சினோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இன்ஜினியர் சம்மதிக்கவில்லை. "இதுவே இருக்கட்டும் தம்பி. அடுத்த பார்ட்டி வெளியே நிக்கிறாங்க."

முன்பக்கத்தை யாரும் சீந்தவில்லை. பின்பக்கம் ரேடியோவில் வந்ததும் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் அது. இராமேஸ்வரம் பஸ் கண்டக்டர், ஓடி வருகிற ஆளைப் பார்த்து, "கொஞ்சம் இரு, வாரேன்" என்று ராகம் போட்டார். யாரை நினைத்துச் சொன்னாய் என்று கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். பாட்டு என்றாலே எழுந்து போகும் உன் வாப்பா, ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமே கேட்டுவிட்டேன்.

"என்னையத்தான் சொல்லிருக்கான் மருமவனே. மெட்ராசுக்குப் போகாதன்னேன். பதில் சொல்லாமப் போனான். அங்கன போயிப் பதில் சொல்லிருக்கான்."

உன் உம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "ஒங்களுக்கு எதுக்குச் சொல்றான்? சோத்தப் போட்டு வச்சிட்டு நான் கூப்புடுறப்பல்லாம் இதத்தான் சொல்லுவான்."

பிறகு வாப்பா என்னைப் பார்த்தார். "பக்கத்துல இருந்தவன் நீ. ஒனக்கு என்ன தோணுது?"

தெரியவில்லை மாமா என்றேன். அதுவரை நான் நினைத்திருந்தது வேறு. தாளத்தில் முந்திக்கொண்டு ஓடிய என்னைத்தான் நிறுத்தினாய் என்று நினைத்திருந்தேன். அவர்களிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

கம்பெனி இரண்டாவது ரெக்கார்டு கேட்டிருக்கிறது. அடுத்த மாதம் போகிறோம். டிரம்ஸும் அடித்துக்கொண்டு நானே பாட வேண்டுமாம். உன் வரியை இதிலும் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். சேர்க்க மாட்டோம் மச்சான். அது உனக்குத் தானாக வந்தது. பாடும்போது எனக்கும் ஏதாவது மறந்துபோனால், நிறுத்தாமல் என் வாயில் வருவதைப் பாடுகிறேன். இது சத்தியம்.

உன் மாமா மகன்,
யூசுப்