எடைமேடையில் என் நாலு வரி

என் செல்லச் சண்டைக்காரி தமிழரசிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நாம் சேர்ந்து போன அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். மஞ்சள் காமாலை உன்னை இத்தனை சீக்கிரம் கொண்டுபோகும் என்று யார் நினைத்தது?

சிமெண்ட் ஆலைக்கு நாம் எழுதிய எடைமேடைப் புரோகிராம் இன்னும் ஓடுகிறது. இரண்டு மேடை, ஒரே கம்ப்யூட்டர். முன்பு ஒரு லாரியின் எடை நிலைக்கும்வரை அது சும்மா காத்து நிற்கும். அடுத்த மேடை லாரி ஹாரன் அடிக்கும். ஒன்றின் எடை வருவதற்குள் மற்றதைக் கவனிக்கும்படி மாற்றினோம். சோறு வேகும் நேரத்தில் காய் நறுக்குவது மாதிரிதான்.

வேகம் என்றால் எனக்குப் பைத்தியம். புரோகிராமில் எல்லாவற்றுக்கும் ஓரெழுத்துப் பெயர்களாகப் போட்டுச் சுருக்குவேன். நீயோ எதற்காகக் காத்திருக்கிறோம், அது வந்ததும் என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பும் எழுதுவாய்.

"கதையா எழுதுற? இது ஓடணும்டி!"

"அரை விநாடி லேட்டானா லாரிக்காரருக்குத் தெரியவா போவுது? நாளைக்கு இது நின்னுட்டா படிக்கப்போறது நாமதானடி."

கடைசியில், எடை வாங்கும் நாலு வரியை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டாய். அங்கே வேகம் வேண்டும் என்று நீயும் ஒப்புக்கொண்டாய்.

போன வாரம் ஒரு டிரைவர் சீட்டோடு வந்தார். "காலி வண்டியில பத்து டன் கல்லுன்னு போட்டிருக்கீங்களேம்மா, எல்லாம் என் தலையிலயா இருக்கு?"

வேறொரு லாரியின் எடை அவர் சீட்டில் ஏறியிருந்தது. மேனேஜர் சொன்னார்: "தமிழரசி எழுதினதுதானே? வளவளன்னு எழுதினா இப்படித்தான். தலைப்புல இருக்கிற அவங்க பேரையும் சேத்துத் தூக்கிட்டுப் புதுசா எழுதுங்க."

பிரிண்ட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் பகுதியைப் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தப்பு அங்கே இல்லை. மிச்சமிருந்தது என் நாலு வரி. நானே எழுதியது எனக்கே புரிய அரை நாள் ஆயிற்று. இரண்டு லாரி எண்ணையும் ஒரே பெயரில் வைத்திருந்தேன். முதல் லாரியின் எடை வருவதற்குள் அடுத்தது ஏறினால் பழைய எண் அழிந்து, அந்த எடை புது எண்ணில் ஏறிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் இரண்டும் ஏறுவது அபூர்வம் என்பதால் இத்தனை நாள் தப்பித்தேன்.

மேனேஜரிடம் போனேன். "தப்பு என்னோடது சார். அவ புரியுற மாதிரி எழுதினதாலதான் கண்டுபிடிக்கவே முடிஞ்சுது."

மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். உன்மேல் விழ இருந்த பழி என்மேல் விழுந்ததில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

இரண்டு எண்ணுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டேன். வேகம் துளியும் குறையவில்லை. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத நன்றியை இப்போது யாரிடம் சொல்வது?

புரோகிராமின் தலைப்பில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. நான் இங்கே இருக்கும்வரை அதை யாரும் எடுக்க விடமாட்டேன். அந்த நாலு வரிக்கு மேலே மட்டும், உன்னைப் போலவே ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன்: "இங்கே தப்பு செய்தது கோமதி. தமிழரசியைத் திட்டாதீர்கள்."

உன் மாமன் மகள்,
கோமதி