செசிலிக்கு வாசித்த ஓலை

சேசு மரி சூசை துணை

கடியபட்டணம்
3-9-1934, திங்கள்

அன்புள்ள தங்கச்சி பிரகாசிக்கு அக்காள் மதலேன் எழுதுவது. அத்தான் சுகம். எனக்குத்தான் பத்து நாளாக முட்டுவலி. அடுப்படியில் குத்தவைத்து இருக்க முடியவில்லை. அதனால் மாதா பிறந்த திருநாளுக்கு முன்னே, வியாழக்கிழமையே என் மகள் செசிலியை பஸ் ஏற்றி அனுப்பு. அத்தான் மணவாளக்குறிச்சியில் வந்து நிற்பார். பரீட்சை இருக்கிறது என்று எழுதாதே. உன் பள்ளிக்கூடத்தில் எப்போதுதான் பரீட்சை இல்லை?

பாஸ்கு திருநாள் லீவுக்கு வந்தவள் ஜெபமாலையை இங்கிலீஷில் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கித்தேரி வாயைப் பிளந்து பார்த்தாள். மாதாவுக்குத் தமிழ் மறந்துபோயிற்றா என்று கேட்டேன். சித்தி அப்படித்தான் சொல்லித் தந்தாள் என்றாள். சித்தி நாலு மணிக்கு எழும்புவாள், சித்தி பூசை காணாமல் காப்பி குடிக்கமாட்டாள், சித்தி நோட்டு திருத்தும்போது யாரும் பேசக்கூடாது. இருந்த எட்டு நாளும் சித்தி புராணம்தான். ஒரு வெள்ளிக்கிழமை நான் பொரித்து வைத்த சாளையை ஓரம் தள்ளினாள். வெள்ளிக்கிழமை சித்தி மீனும் தொடமாட்டாளாம். இறைச்சி வேண்டாமென்று திருச்சபை சொல்கிறது, சரி. கடற்கரையில் பிறந்த உனக்கு மீனோடு என்ன பகை?

எனக்குப் பொறாமை என்று நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். படிக்க ஒரு பெண்ணைத் தாருங்கள் என்று அந்த வெள்ளைக்கார மதர் நம் வீட்டுக்கு வந்தபோது நாம் இரண்டு பேரும்தான் வாசலில் நின்றோம். வீட்டு வேலைக்கு நான் வேண்டியிருந்தது, உன்னை அனுப்பினார்கள். நீ பி.ஏ., எல்.டி. ஆனாய். பெரிய வீட்டுப் பிள்ளைகள் உன்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். நான் பதினாறு வயதில் தாலி வாங்கினேன். அதையெல்லாம் விட்டுத்தள்ளு. கல்யாணம் வேண்டாம், பள்ளிக்கூடமும் கோவிலும் போதும் என்று சொன்ன உனக்கு, என் ஒரே பிள்ளையும் வேண்டுமா? ஞானஸ்நானத்தில் அவள் தலையைத் தொட்டு ஞானத்தாயாக நின்றவள் நீ. வலித்துப் பெற்றவள் நான்.

வியாழக்கிழமை தவறக்கூடாது.

இப்படிக்கு,
செசிலியைப் பெற்ற மதலேன்

*

சேசு மரி சூசை துணை

கடியபட்டணம்
11-9-1934, செவ்வாய்

அன்புள்ள பிரகாசிக்கு,

அத்தான் மணல் கம்பெனிக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

முட்டுவலி என்றது பொய். செசிலிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். குளச்சல்காரன், தொபியாஸ் என்று பெயர். கம்பெனியில் அத்தானோடு வேலை. குடி கிடையாது, அவனில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஸ்கூல் பைனல் முடியட்டுமே என்று அத்தான்கூடச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அவளை உன்னிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினேன். பெண்ணுக்குச் சம்மதம் என்று சாமியாரிடம் சொன்னதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசையில் சாமியார் முதல் கல்யாண ஓலை வாசித்தார். அதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று, தன் பெயரை அவள் கோவிலில் வைத்துத்தான் கேட்டாள். பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முழந்தாளில் அசையாமல் இருந்தாள். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இது சித்திக்குத் தெரியுமா என்று. எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. ஏட்டி, ஒன்னப் பெத்தது நானா அவளா என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். சரிம்மா என்றாள்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் சரிம்மாதான். சேலை எடுக்கப் போவோமா என்றால் சரிம்மா. புத்தகங்களைக் காகிதத்தில் கட்டி, உன் விலாசம் எழுதி வைத்திருக்கிறாள். வலி பொய் என்று தெரிந்த பிறகும் என் முட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறாள், ஆஸ்பத்திரி நர்சுபோல அவ்வளவு பதமாக. போன மாதம் நீ எழுதியிருந்தாய், செசிலி உன்னை எதிர்த்துப் பேசிவிட்டு இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள் என்று. அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. உன்னிடம் சண்டை போடுகிறவள் என்னிடம் விருந்துக்கு வந்தவளைப்போல இருக்கிறாள். பிள்ளை தாயிடமல்லவா சண்டை போடவேண்டும்?

இன்று காலை பூசை கண்டு வந்து மீன் செதுக்கிக்கொண்டிருந்தவள் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று கேட்டேன். பாடந்தாம்மா, மறந்துபோகாம இருக்கதுக்கு என்றாள். மறந்தால் என்ன என்று வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை, பிரகாசி.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று சாமியார் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அத்தான் வாக்குக் கொடுத்து அவர்கள் வீட்டில் கையும் நனைத்துவிட்டார். இனி நான் வேண்டாமென்றால் என்னை வீட்டில் வைக்கமாட்டார். நீ தலைதொட்டவள், படித்தவள். தினமும் பூசையில் நன்மை வாங்குகிறவள் என்று சாமியாருக்கும் உன்மேல் மதிப்பு. சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, பெண்ணுக்குச் சம்மதமில்லை என்று அவரிடம் சொல். அவளையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல். நான் ஊர் கேட்க உன்னை ஏசுவேன், பிள்ளைபிடிக்காரி என்பேன். அதில் பாதிதான் நடிப்பு. பொறுத்துக்கொள். பேசி முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடு.

உங்கள் இரண்டு பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நான் எழுதித்தான் வந்தாய் என்று மட்டும் அவளிடம் ஒருகாலும் சொல்லாதே. சொன்னால் வந்து பதமாக நன்றி சொல்லுவாள். எனக்கு அது வேண்டாம். என்மேல் கோபித்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் மதலேன்