மூன்றாவது மாடி வேண்டாம் என்றார்

வாசலில் மூன்று தடவை ஹாரன் அடித்து என்னைக் கூப்பிடுகிற என் அண்ணாவுக்கு,

ஒவ்வொரு வருசமும் உங்கள் நினைவு நாளுக்கு நோட்டீஸில் நான்கு வரி போடுவோம். அச்சுக்கடைக்காரரே எழுதிவிடுவார், நாங்கள் பெயர்களை மட்டும் கொடுப்போம். இந்த மூன்றாம் வருசத்துக்கு நானே எழுதித் தருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். நான்கு வரிக்குத்தான் உட்கார்ந்தேன், பேனா நிற்க மாட்டேன் என்கிறது. உறவுக்காரர்கள் எல்லோரும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்போது சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டில், ஒரு ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், உள்ளே படுத்திருக்கிறார். பதினோரு மணிக்குத்தான் ஆஞ்சியோ எடுக்கக் கொண்டுபோவார்களாம், அதுவரை யாரும் கூப்பிட மாட்டார்களாம். மணி ஒன்பதே கால். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

நேற்று எங்களுக்குக் கல்யாண நாள். இருபத்தைந்தாவது. கல்யாண நாள் சாப்பாட்டுக்கு ஹோட்டல் பிடிப்பது எப்போதும் உங்கள் பொறுப்பாக இருந்தது. எந்த ஊருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தாலும் அன்றைக்குச் சாயங்காலம் எப்படியாவது வந்துவிடுவீர்கள். பெயர்ப் பலகையைப் பார்க்க மாட்டீர்கள், நேராகக் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பீர்கள். "இங்க வேண்டாம் சாமி, வா" என்று திரும்பி நடப்பீர்கள். தண்ணீர் வைத்த பிறகு எழுந்து வந்த ஹோட்டல்கள்கூட உண்டு. எனக்கு மானம் போகும். நீங்கள் போன பிறகு நாங்கள் கல்யாண நாளுக்கு வெளியே போகவில்லை.

ஓசூரில் மகள் தரணி வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு நேற்றுதான் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் போனில் ஒரே பிடிவாதம். "சேலத்துல நிறுத்தி நல்ல ஹோட்டலாச் சாப்டுட்டுத்தாம்மா ஊடு போய்ச் சேரோணும். மாமா இருந்தா உடுவாரா? நான் மூணு இடம் பாத்து வெச்சிருக்கேன்." உங்கள் பெயரைச் சொன்ன பிறகு எங்களால் என்ன சொல்ல முடியும்?

முதல் இடம் இதே ஏற்காடு ரோட்டில்தான். மூன்றாவது மாடி, மேலே திறந்தவெளி. மலையில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று தரணி சொல்லியிருந்தாள். கீழே லிப்ட் கதவில், பழுது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உங்கள் மாப்பிள்ளை படிக்கட்டைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "மூணாவது மாடி வேண்டாம் அம்மிணி. மொட்டை மாடியில உக்காந்து சோறு திங்க நாம என்ன காக்காயா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

இரண்டாவது, ஐந்து ரோட்டுப் பக்கம். வண்டியை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வரவேண்டும். அவர் இறங்கவே இல்லை, வாசலில் நிறுத்தி என்ஜினை அணைக்காமல் எட்டிப் பார்த்தார். "கூட்டமா இருக்குது, போலாம்." வாசலில் இரண்டே இரண்டு பைக் நின்றன.

மூன்றாவது சங்ககிரி ரோட்டில், தென்னந்தோப்புக்குள். கார் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மரப்பாலத்தைத் தாண்டி, தோப்பின் கடைசியில் குடிசை குடிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் பாலத்தின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு கொசு இருக்கும் என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஏனுங்க, ஹோட்டல் பாக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு நொட்டை சொல்லிக்கிட்டே வாறீங்க" என்றேன். சாதாரணமாக இப்படி ஒன்று நான் சொன்னால் அவர் இரண்டு சொல்வார், உங்களுக்குத் தெரியும். நேற்று வண்டியை மட்டும் எடுத்தார். காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிந்ததும் அவராகவே சொன்னார். "மச்சான் கடைக்கே போயிரலாம்."

நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற லாரிக்காரர்கள் ஹோட்டலைத்தான் சொன்னார். கல்யாணமான புதிதில் எங்களை முதன்முதலில் கூட்டிப் போன கடை. இந்த மனுசன் வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உங்களை எவ்வளவு நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடை அப்படியேதான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது, பார்த்துவிட்டேன். லாரிகள் வரிசையாக நின்றன. அவர் காரை டீ அடிக்கிற மேடைக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். கார் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நான்கு எட்டு இருந்தால் அதிகம்.

இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். என்ன வேண்டும் என்று சர்வர் கேட்டார். "மொதல்ல ஒரு உப்பு சோடா குடுங்க" என்றார் உங்கள் மாப்பிள்ளை.

"பசி நேரத்துல சோடா எதுக்குங்க?"

"வாய்வு அம்மிணி. ரெண்டு ஏப்பம் வந்தாச் செரியாப் போயிரும்."

அண்ணா, அது நீங்கள் சொன்ன வார்த்தை. நீங்களும் அதைச் சொல்லும்போது இப்படித்தான் இடது தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இனி எழுதப்போவதை அண்ணி படிப்பார்கள். படிக்கட்டும். எடப்பாடியில் எங்கள் வீடு தறிப் பட்டறைக்கு மேலே, பதினேழு படி. நீங்கள் அதை நான்கே தாவலில் ஏறி வருகிற ஆள். கடைசி ஒரு மாதம் ஏறி வரவில்லை. கீழேயே லாரியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தீர்கள், நான் தூக்குப்போசியில் சோறு போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். "அண்ணன் பெரிய ஆளாயிட்டீங்க, தங்கச்சி ஊட்டுப் படி ஏற மாட்டீங்க" என்று குத்திக் காட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். லோடு அவசரம் சாமி என்றீர்கள்.

அன்றைக்கும் ஹாரன் அடித்தீர்கள். சோறு வேண்டாம், வாய்வாக இருக்கிறது, ஒரு சோடா கொடு என்றீர்கள். நான் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தீர்கள். ஒரு ஏப்பம் வந்தது. "இப்பப் பரவால்ல சாமி. வாரேன்" என்று வண்டியை எடுத்தீர்கள். குமாரபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் லாரி ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், இண்டிகேட்டர் எரிந்துகொண்டு நின்றிருந்ததாம்.

சாவு வீட்டில் எல்லோரும், நல்லா இருந்த மனுசன் திடீர்னு போயிட்டார் என்றார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லி அழுதபோது நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். திடீரென்று இல்லை அண்ணி. ஒரு மாதமாக அவர் படி ஏறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டு சோடா கொடுத்து அனுப்பி வைத்தேன்.

நேற்று அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒவ்வொன்றாகக் கூடி வந்தது. மூன்றாவது மாடி. அடுத்த தெரு. மரப்பாலம். இந்த மனுசன் ஹோட்டலைப் பார்க்கவே இல்லை, நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுமட்டுமா? இரண்டு மாதமாக அவர் கீழே பட்டறையில்தான் படுக்கிறார். இரவு ஷிப்டுக்கு ஆள் சரியில்லை, கூடவே இருக்க வேண்டியிருக்கிறது என்றார். நான் மாடியில் ஃபேனுக்கு நேராகப் படுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரே வீட்டில், அதே படிக்கட்டில், இரண்டாவது தடவையும் நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். எனக்கு என்ன கேடு வந்தது அண்ணா?

சர்வர் சோடாவைக் கொண்டுவந்து வைத்தார். நான் அதை எடுத்து அவர் கைக்கு எட்டாத பக்கம் தள்ளி வைத்தேன்.

"எந்திரிங்க."

"இலை போட்டாச்சு புள்ள."

"இலை கெடக்கட்டும். மாடி ஏறி எத்தனை நாளாச்சுங்க?"

அவர் சோடா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார். "மச்சானுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

"தெரியாதுங்க. நான் அவரக் கேக்கல."

சாவியை நான் வாங்கிக்கொண்டேன். சங்ககிரியில் எடைமேடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நீங்கள்தான் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தீர்கள். லைசென்ஸ் வாங்கியதோடு சரி, இவர் ஒருநாளும் ஓட்ட விட்டதில்லை. நேற்று விட்டார். பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, கியரை மாற்று என்றுகூடச் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாமல் வந்ததுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

பைபாஸிலேயே இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்றார்கள். உடனே இவருக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தியா, வாய்வுன்னு சொன்னனல்ல. நல்ல நாளும் அதுவுமா இலையை உட்டு எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்ட" என்று சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். ரத்தம் எடுத்திருக்கிறோம், சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது டாக்டரம்மா. அதெல்லாம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்றார் இவர். நான் கார் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லோர் முன்னாலும் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நடுவில் தரணி போன் செய்தாள். "சாப்டீங்களாம்மா? எந்த ஹோட்டல்?"

"நல்ல எடந்தான் சாமி" என்றேன். வேறென்ன சொல்ல? இன்று காலையில்தான் உண்மையைச் சொன்னேன். கிளம்பி வந்துகொண்டிருக்கிறாள்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டது. முதலில் இருந்ததைவிட அளவு ஏறியிருக்கிறது, இதயத்தில் அடி விழ ஆரம்பித்திருக்கிறது, சேலத்துக்கு அனுப்புகிறோம் என்றது. இனி இவர் ஒரு அடிகூட நடக்கக் கூடாது என்றது. அண்ணா, இரண்டு மாதமாக அவர் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்?

ஆம்புலன்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை ஜில்லென்று இருந்தது. "மூணாவது மாடிக்கே போயிருக்கலாம் கோகிலா, உனக்கு ஆசையா இருந்துச்சு" என்றார். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த பெஞ்சுக்கு எதிரே ஜன்னல் இருக்கிறது. ஜன்னலில் நேராகத் தெரிவது அந்த மொட்டை மாடி ஹோட்டல்தான். நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பின்னால் ஏற்காடு மலை மேகத்தில் பாதி மறைந்து நிற்கிறது. கவிழ்த்த நாற்காலிகளின் காலில் இரண்டு காக்கா வந்து உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை, பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ரோட்டில் யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்துகிறவர் நீங்கள். முன் பின் தெரியாதவரையும் ஏற்றிக்கொள்வீர்கள், மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். இவர் அந்தப் பக்கம் வந்து நின்று கை காட்டினால் நிறுத்தாதீர்கள். பார்க்காத மாதிரி போய்விடுங்கள். கோபித்துக்கொண்டு திரும்பி வரட்டும், வந்து என்னைத் திட்டட்டும்.

என் பங்குக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி என் வீட்டில் யார் சோடா கேட்டாலும், படி ஏறி எத்தனை நாளாயிற்று என்று கேட்காமல் கொடுக்க மாட்டேன். வாய்வு என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன், திட்டினால் வாங்கிக்கொள்வேன். இதைப் படிக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அப்படியே கேளுங்கள் என்று இந்த நோட்டீஸிலேயே போடச் சொல்லப்போகிறேன். அண்ணியின் காலில் விழுந்து முதலில் அந்த சோடாவைச் சொல்லிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன். லிப்ட் சரியான பிறகு, அடுத்த கல்யாண நாளுக்கு...

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்து நிற்கிறது. தங்கவேல் கூட வந்தவங்க யாரு என்று இவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறது.

மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை அண்ணா.

இந்தத் தடவை கேட்டுவிட்ட உங்கள் தங்கை,
கோகிலா