பொன்னாடைக்காக நின்ற பாட்டு

சனிக்கிழமை.

ஊர் ஊராகச் சுற்றும் ப்ளூஸ் ராக் இசைக்குழு ஒன்றை இன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரவழைத்திருந்தது என் கணவருடைய சங்கம். ஒரு பாட்டில் கிடார் உருகத் தொடங்கி எனக்கு உடம்பு சிலிர்த்த நேரத்தில், இவர் கைகாட்டி நிறுத்தினார். சங்கத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். சால்வைத் தட்டை ஏந்தி நானும் மேடையேறினேன்.

பாடகி, அந்தப் பாட்டைத் தொடரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டு, என்னிடம் மைக்கை நீட்டினாள். நான் வாய் திறப்பதற்குள் இவர் அதை வாங்கி, "அவளுக்கு இதுல என்ன தெரியும்? தலைவர் பேச வாராவ, செத்த நேரம் எறங்கி இருங்க" என்றார். கூட்டம் சிரித்தது. பாட்டு அதோடு நின்றது.

ராஜபாளையம் திரும்பும் வழியில், "அந்த இரைச்சல்ல ஒனக்குத் தலை வலிச்சிருக்குமே?" என்றார். ஆமாம் என்றேன். காரை நிறுத்தி மாத்திரை வாங்கி வந்தார். இவர் பார்த்துக்கொண்டு நிற்க, இல்லாத வலிக்கு அதை விழுங்கினேன்.